குற்ற எண்ணிலிருந்து தீர்ப்பின் கடைசிப் பக்கம் வரை: ராமநாதபுரம் கடற்கரையில் வழக்கு ஆவணங்களைத் தேடிப் பெறுவது

பெரியபட்டினத்தில் எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவனுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் வளைகுடா நாடொன்றில் வேலை உறுதியாயிற்று. விசாவுக்குக் காவல்துறைச் சான்று வேண்டும் என்று முகவர் சொன்னார். விண்ணப்பம் போட்டபோது, அவன் பெயரில் ஒரு சாலை மறியல் வழக்கு நிற்பதாகச் சொல்லிச் சான்றை நிறுத்திவிட்டார்கள். அந்த வழக்கில் அவனும் ஊரார் பலரும் வெகு காலத்துக்கு முன்பே விடுதலை ஆகியிருந்தார்கள். ஆனால் அவன் கையில் தீர்ப்பு நகல் இல்லை, வழக்கு எண் இல்லை, எந்த நீதிமன்றம் என்பதும் நிச்சயமில்லை. "கேஸ் முடிஞ்சிருச்சுன்னு வக்கீல் சொன்னாரு மாமா" என்ற ஒரு வாக்கியம்தான் அவனிடம் இருந்தது. அந்த வாக்கியத்தை இரண்டு பக்கக் காகிதமாக மாற்றுவதற்கு எங்களுக்கு ஐந்து வாரங்கள் பிடித்தன. அந்த ஐந்து வாரங்களில் நான் தெரிந்துகொண்டதும், அதன்பின் வேறு சிலருக்காக அலைந்தபோது சேர்ந்துகொண்டதும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒருவருடைய பெயரைச் சொன்னால் அவர் மீதுள்ள வழக்குகளையெல்லாம் பொதுமக்களுக்கு எடுத்துக் காட்டும் பதிவேடு நம் நாட்டில் இல்லை. காவல் நிலையங்களை இணைக்கும் சி.சி.டி.என்.எஸ். என்ற கணினி வலையமைப்பு காவல்துறையின் உள்பயன்பாட்டுக்கானது. நமக்குக் கிடைப்பவை தனித்தனி வழக்குகளின் காகிதங்கள் மட்டுமே. ஆகவே "இவர் மேல் கேஸ் இருக்கிறதா" என்று கேட்டால் முழுமையான பதில் எங்கும் கிடைக்காது. "இந்த வழக்கு என்ன ஆயிற்று" என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். முதல் கேள்வியை இரண்டாவது கேள்வியாக மாற்றித் தருவது ஒரு எண்தான்.

அந்த எண் ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. காவல் நிலையத்தில் புகார் மனு கொடுத்தவுடன் கிடைக்கும் சி.எஸ்.ஆர். ரசீது, மனு வந்து சேர்ந்ததற்கான ஒப்புகை மட்டுமே. அது வழக்கு அல்ல. முதல் தகவல் அறிக்கை பதிவான பிறகுதான் குற்ற எண் பிறக்கிறது. அந்த எண் ஒவ்வொரு நிலையத்திலும் ஒவ்வோர் ஆண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவதால், நிலையத்தின் பெயரும் ஆண்டும் இல்லாத குற்ற எண்ணால் பயன் ஒன்றும் இல்லை. புலனாய்வு முடிந்து இறுதி அறிக்கை (குற்றப்பத்திரிகை) நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்துக்குப் போய்க் கோப்பில் ஏற்கப்பட்டதும் வழக்குக்குப் புதிய எண் வந்துவிடும். சாதாரண வழக்கானால் சி.சி. எண், சுருக்க விசாரணைக்கு உரியதானால் எஸ்.டி.சி. எண். கொலை போல அமர்வு (செஷன்ஸ்) நீதிமன்றம் மட்டுமே விசாரிக்கத்தக்க வழக்கானால் முதலில் பி.ஆர்.சி. எண்ணில் நடுவரிடம் இருந்து, பிறகு அமர்வு நீதிமன்றத்துக்கு ஒப்படைக்கப்பட்டு எஸ்.சி. எண்ணைப் பெறுகிறது. மேல்முறையீடு போனால் அங்கே இன்னொரு எண். ஒரே சம்பவத்துக்கு நான்கைந்து எண்கள் ஏற்பட்டுவிடுகின்றன. காவல் நிலையத்தில் இருப்பவருக்குக் குற்ற எண்தான் தெரியும், நீதிமன்றப் பதிவறையில் இருப்பவருக்கு சி.சி. எண்தான் தெரியும். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் சாமானியர்தான் பாலம் போட வேண்டியிருக்கிறது.

எல்லா வழக்கும் நீதிமன்ற எண்ணைப் பெறும் என்பதும் இல்லை. பொருண்மைத் தவறு, அதாவது புகாரில் சொன்னபடி குற்றம் நடக்கவில்லை என்றோ, குற்றவாளியைக் கண்டுபிடிக்க இயலவில்லை என்றோ காவல்துறை வழக்கை முடித்துக்கொண்டால், புகார் கொடுத்தவருக்கு ஆர்.சி.எஸ். நோட்டீஸ் என்று இங்கே சொல்லப்படும் அறிவிப்பு வரும். இந்த அறிவிப்பைப் பலர் வாங்கி மடித்து எங்கோ வைத்துவிடுகிறார்கள். முடிக்கப்பட்டதை எதிர்த்து நடுவரிடம் மனு செய்வதற்கும் அதுவே ஆதாரம், குற்றம் சாட்டப்பட்டவருக்கு "வழக்கு முடிந்தது" என்று காட்டுவதற்கும் அதுவே ஆதாரம்.

முதல் தகவல் அறிக்கையைப் பெறுவது இன்று முன்பைவிட எளிது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, தகவல் கொடுத்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் அதன் நகலைக் கட்டணமின்றித் தர வேண்டும். பழைய சட்டத்தில் தகவல் கொடுத்தவர் மட்டுமே குறிப்பிடப்பட்டிருந்தார். புலனாய்வு எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் இவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கடமையையும் 193-ஆம் பிரிவு காவல்துறை மீது வைத்திருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு உதவுவது உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பர் 7 அன்று இந்திய இளைஞர் வழக்கறிஞர் சங்க வழக்கில் அளித்த உத்தரவு. அதன்படி, தன் பெயர் சேர்க்கப்பட்டிருப்பதாகக் கருதும் ஒருவர் தாமோ தம் பிரதிநிதி மூலமோ மனுச் செய்தால், உரிய கட்டணம் பெற்றுக்கொண்டு 24 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும். அறிக்கை நடுவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், நீதிமன்றத்தில் மனுச் செய்து இரண்டு வேலை நாட்களுக்குள் பெறலாம். பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்ற உணர்வு மிகுந்த வழக்குகள் நீங்கலாக, மற்ற அறிக்கைகளைக் காவல்துறை இணையதளத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும் என்றும், இணைய இணைப்புச் சிரமம் உள்ள இடங்களில் இந்தக் கெடு 72 மணி நேரம் வரை நீளலாம் என்றும் அந்த உத்தரவு சொல்கிறது. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைத் தளத்தில் மாவட்டம், நிலையம், ஆண்டு, எண் ஆகியவற்றைக் கொடுத்து இந்த அறிக்கைகளைப் பார்க்கலாம்.

இப்படிப் பதிவிறக்கிய அறிக்கையை வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விடும் பழக்கம் எங்கள் பக்கத்தில் பரவியிருப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. முதல் தகவல் அறிக்கை என்பது ஒருவர் சொன்ன தகவல், அவ்வளவுதான். சொன்னது உண்மையா என்று அந்த நிமிடத்தில் யாரும் சோதித்திருப்பதில்லை. பெண் கேட்டு வந்த இடத்தில், மாப்பிள்ளையின் பெயர் பன்னிரண்டாவது ஆளாக இருந்த ஓர் அறிக்கையை யாரோ காட்டியதால் சம்பந்தம் முறிந்ததை நான் அறிவேன். அந்த வழக்கின் இறுதி அறிக்கையில் அவர் பெயரே இல்லை. ஆவணத்தைத் தேடுகிறவர் கடைசிக் காகிதம் வரை போக வேண்டும். இல்லையென்றால் தேடவே தொடங்காமல் இருப்பது நல்லது.

நம் கடற்கரைக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. மற்ற ஊர்களில் குற்ற வழக்கு என்றால் காவல் நிலையம் என்று போய்விடலாம். இங்கே கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் நிலையங்கள் தனி, வனத்துறை தனி, சுங்கத்துறை தனி, மீன்வளத்துறை தனி. கடல் அட்டை பிடித்ததாகவோ வைத்திருந்ததாகவோ ஒருவர் பிடிபட்டால், அநேகமாக அவர் மீது பதிவாவது முதல் தகவல் அறிக்கையாக இருக்காது, வனத்துறையின் வன உயிரினக் குற்ற அறிக்கையாக இருக்கும். கடல் அட்டை 2001-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள கடலும் வன உயிரினக் காப்பாளர் பொறுப்பில் உள்ளன, அவருடைய அலுவலகம் ராமநாதபுரத்தில் இருக்கிறது. அந்த வழக்கைக் காவல்துறை இணையதளத்தில் எத்தனை நாள் தேடினாலும் கிடைக்காது. வனச்சரக அலுவலகத்தில் குற்ற அறிக்கையின் எண்ணையும், அது எந்த நடுவர் முன் வைக்கப்பட்டது என்பதையும் கேட்டுக்கொண்டுதான் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

மீன்வளத்துறை நடவடிக்கை இதிலும் வேறானது. கரைக்கு அருகே தடை செய்யப்பட்ட தூரத்துக்குள் விசைப்படகில் வலை இழுத்தது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் கடலுக்குப் போனது முதலியவற்றுக்காக 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் படகு உரிமையாளருக்கு விதிக்கப்படும் அபராதம், அந்தத் துறையின் தீர்வு அதிகாரி போடும் உத்தரவு. அது குற்றவியல் நீதிமன்றத்தின் தண்டனை அன்று. இதை அறியாமல், "உங்கள் மீது வழக்கு உண்டா" என்று கேட்கும் படிவத்தைக் கண்டு மிரண்டு நிற்கும் படகுக்காரர்கள் இருக்கிறார்கள். அந்த உத்தரவின் நகல் மீன்வளத்துறை அலுவலகத்தில்தான் கிடைக்கும். சுங்கத்துறையிலும் இதுபோல இரண்டு பாதைகள் உண்டு. பொருளைப் பறிமுதல் செய்து அபராதம் விதிக்கும் துறை நடவடிக்கை ஒன்று, நீதிமன்றத்தில் தொடுக்கும் குற்ற வழக்கு இன்னொன்று. ஒன்றில் தப்பித்தவர் மற்றதில் மாட்டியிருக்கலாம் என்பதால் இரண்டின் காகிதங்களையும் தனித்தனியே கேட்க வேண்டும்.

இந்தக் கடலும் நீதிமன்றமும் நெடுநாள் பழக்கம் உள்ளவை. பாக் நீரிணையில் ராமநாதபுரம் ஜமீனிடமிருந்து குத்தகைக்கு எடுத்த சங்குப் படுகையில் சங்கு எடுத்தது திருட்டாகுமா என்ற வழக்கு, சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று 1904-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இடம்பெற்றிருக்கிறது. கரையோரக் கடல் யாருடையது என்ற விவாதத்தில் சட்டம் படிப்போர் இன்றும் அதை எடுத்துக்காட்டுகிறார்கள்.

கடலுக்கு அப்பால் நடந்த வழக்குகளின் நிலை இன்னும் கடினம். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்ற மீனவர் மீது இங்கே எந்த வழக்கும் இருக்காது. அவர் மீதான வழக்கு 1979-ஆம் ஆண்டின் இலங்கை வெளிநாட்டு மீன்பிடிப் படகுகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் மன்னாரிலோ ஊர்காவற்றுறையிலோ இருக்கும் நீதவான் (அங்கே நடுவரைக் குறிக்கும் சொல்) நீதிமன்றக் கோப்பில் இருக்கும். இரண்டாம் முறை பிடிபட்டால், முன்பு ஒத்திவைக்கப்பட்ட தண்டனை உயிர்பெற்றுவிடக்கூடும் என்பதால், முதல் வழக்கில் என்ன உத்தரவு போடப்பட்டது என்பதைக் குடும்பத்தார் எழுத்தில் வைத்திருப்பது மிக அவசியம். ஆள் விடுதலையாகி வந்த பிறகும் படகு மீதான வழக்கு தனியாக நடக்கும் என்பதையும், அதில் உரிமையாளர் முன்னிலையாக வேண்டும் என்பதையும் ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்தில் பலர் நஷ்டப்பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். நகல் வேண்டுமானால் அங்குள்ள சட்டத்தரணி (வழக்கறிஞர்) வழியாகவே மனுச் செய்ய வேண்டும், யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரகம் தொடர்பு ஏற்படுத்தித் தரும். ஓர் ஆறுதல், வட மாகாண நீதிமன்றங்களின் மொழி தமிழ். அங்கிருந்து வரும் உத்தரவை நம் வீட்டுப் பெண்களே படித்துப் புரிந்துகொள்ளலாம்.

இனி, இங்கே எந்த நீதிமன்றம் என்பது. மாவட்ட முதன்மை நீதிமன்றமும் தலைமைக் குற்றவியல் நடுவர் நீதிமன்றமும் ராமநாதபுரத்தில் இருக்கின்றன. தீவுப் பகுதி வழக்குகளுக்கு ராமேஸ்வரத்திலும், தொண்டிப் பக்கத்து வழக்குகளுக்குத் திருவாடானையிலும் நீதிமன்றங்கள் உண்டு. பரமக்குடி, முதுகுளத்தூர், கமுதி ஆகிய ஊர்களிலும் உண்டு. ஓர் ஊரில் புதிதாக நீதிமன்றம் திறக்கும்போது நிலுவை வழக்குகள் அங்கே மாற்றப்பட்டுப் புதிய எண் பெறும். முடிந்துபோன வழக்குகளின் காகிதக் கட்டுகள் பழைய நீதிமன்றத்திலேயே தங்கிவிடும். போதைப்பொருள் வழக்குகள் போன்றவை தனி நீதிமன்றங்களுக்கு, சில வேளை மாவட்டத்துக்கு வெளியேயும், போவதுண்டு. சம்பவம் நடந்த இடத்தை மட்டும் வைத்துக்கொண்டு நீதிமன்றத்தை ஊகிக்கக் கூடாது.

பழைய ஆவணம் தேடுவோர் மாவட்டத்தின் வரலாற்றையும் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும். மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து 1910-இல் உருவான ராமநாதபுரம் மாவட்டம், 1985-இல் மூன்றாகப் பிரிக்கப்பட்டு இன்றைய ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்கள் ஆயிற்று. அதற்கு முந்திய காலத்தில் ராமநாதபுரம் மாவட்டத்துக்கான அலுவலகங்களும் நீதிமன்றங்களும் சில மதுரையில் இருந்து இயங்கின. பழைய தீர்ப்புத் தொகுப்புகளில் "மதுரையில் உள்ள ராமநாதபுரம் நீதிமன்றம்" என்ற விசித்திரமான தலைப்பு வருவது இதனால்தான். உயர் நீதிமன்ற ஆவணங்களுக்கும் ஒரு தேதிக் கோடு உண்டு. மதுரைக் கிளை 2004 ஜூலை 24 அன்று தொடங்கியது, அதற்கு முன் இந்த மாவட்டத்திலிருந்து போன மேல்முறையீடுகள் சென்னையில் நடந்தவை. இன்னும் பின்னோக்கிப் போனால், ஆங்கிலேயர் காலத்தில் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போகும். ராமநாதபுரம் ராணி கணவர் இறந்தபின் தத்தெடுத்தது செல்லுமா என்ற வழக்கில் 1868-இல் அங்கே வழங்கப்பட்ட தீர்ப்பு, எழுதப்பட்ட சாத்திரத்தைவிடத் தெளிவாக நிறுவப்பட்ட வழக்கமே மேலோங்கும் என்று சொல்லி, இந்து சட்டத்தின் அடிப்படைத் தீர்ப்புகளில் ஒன்றாக நிலைத்துவிட்டது.

எண் தெரியாதவர்களுக்கு, நீதிமன்ற வழக்கு விவரங்களைக் காட்டும் இ-கோர்ட்ஸ் இணையதளமும் அதன் கைப்பேசிச் செயலியும் பெரிய உதவி. மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் ஆகியவற்றைத் தெரிவு செய்து, தரப்பினர் பெயர், வழக்கு எண், முதல் தகவல் அறிக்கை எண், வழக்கறிஞர் பெயர் என்று பல வழிகளில் தேடலாம். இவற்றில் முதல் தகவல் அறிக்கை எண்ணை வைத்துத் தேடும் வழியைத்தான் நான் எல்லாருக்கும் சொல்வேன். குற்ற எண்ணுக்கும் சி.சி. எண்ணுக்கும் இடையில் தேவைப்படும் பாலம் அதுதான். வழக்கைக் கண்டுபிடித்துவிட்டால் அதற்குரிய சி.என்.ஆர். எண் தெரியும். எழுத்தும் இலக்கமுமாகப் பதினாறு இடங்கள் கொண்ட அந்த எண்ணை எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த முறை மாவட்டம், வளாகம் என்று எதையும் தேட வேண்டியதில்லை.

பெயர் வழித் தேடல் நம்மூரில் மிகவும் ஏமாற்றும். பதிவுகள் ஆங்கில எழுத்தில் ஏற்றப்பட்டிருப்பதால், முனியசாமி என்ற ஒரு பெயரை நான்கு விதமாக எழுதியிருப்பார்கள். முதலெழுத்து முன்னாலோ பின்னாலோ இருக்கும், சில இடத்தில் இருக்கவே இருக்காது. செய்யது, ஜகுபர், சீனி என்று தொடங்கும் பெயர்களை ஒரு கணினிப் பதிவாளர் ஒரு சொல்லாகவும் இன்னொருவர் இரண்டு சொல்லாகவும் அடித்திருப்பார். எங்கள் பையனின் வழக்கு அவன் பெயரில் தேடியபோது கிடைக்கவே இல்லை. முதல் குற்றவாளியாகக் காட்டப்பட்டிருந்த வேறொருவரின் பெயரில்தான் அது இருந்தது. எதிர்ப்புறம், ஒரு பெயரில் தேடினால் அதே பெயருள்ள ஐந்து பேரின் வழக்குகள் வந்து நிற்கும். தந்தை பெயரும் ஊரும் ஒத்துப்போகாமல் இவர்தான் அவர் என்று முடிவு கட்டுவது பெரும் பாவம். தவிரவும், கணினிமயமாவதற்கு முந்தைய வழக்குகளில் பெரும்பாலானவை அந்தத் தளத்தில் இல்லை. அங்கே காணவில்லை என்பதாலேயே வழக்கு இல்லை என்று ஆகிவிடாது.

கணினித் திரையில் தெரிவதை அச்சிட்டுக் கொண்டுபோனால் எந்த அலுவலகமும் ஏற்காது. அந்தத் தகவல் தெரிந்துகொள்வதற்கு மட்டுமே. ஏற்கப்படுவது நீதிமன்றத்தின் சான்றிட்ட நகல். அதைப் பெற நீதிமன்றத்தின் நகல் பிரிவில் நகல் மனுக் கொடுக்க வேண்டும். மனு தமிழிலேயே இருக்கலாம், கீழமை நீதிமன்றங்களின் மொழி தமிழ்தான். வழக்கு எண், ஆண்டு, தரப்பினர் பெயர், தீர்ப்பு நாள், என்ன ஆவணத்தின் நகல் வேண்டும் என்ற விவரங்களை எழுதி, நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தர வேண்டும். "தீர்ப்பு" என்று மட்டும் எழுதுவதா, "தீர்ப்பும் சாட்சிகளின் வாக்குமூலமும்" என்று எழுதுவதா என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். பக்கத்துக்கு ஏற்பக் கட்டணம் ஏறும். வெளிநாட்டு வேலைக்கும் கடவுச்சீட்டுக்கும் தீர்ப்பு மட்டும் போதும்.

அந்த முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெயிலில் வரிசையில் நின்று மனுவை நீட்டினேன். எழுத்தர் அதைப் பார்த்துவிட்டு, "டிஸ்போசல் தேதி இல்லாம கட்டை எப்படிண்ணே தேடுறது?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் கேட்டது நியாயம். முடிந்த வழக்குகள் எண் வரிசையில் மட்டுமல்லாமல், முடிந்த ஆண்டு, மாதப்படியும் கட்டுகளாகக் கட்டி அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு கட்டில் பல வழக்குகள் இருக்கும். தீர்ப்பு நாள் தெரிந்தால் ஒரு மணி நேர வேலை, தெரியாவிட்டால் ஒரு வார வேலை. அன்று வெறுங்கையோடு திரும்பி, முதல் குற்றவாளியின் பெயரை வைத்து இணையத்தில் முடிவு நாளைக் கண்டுபிடித்துக்கொண்டு மறுபடி போனோம்.

மனு ஏற்கப்பட்ட பிறகு, எத்தனை பக்கம், எவ்வளவு வில்லை வேண்டும் என்ற பட்டியல் அறிவிப்புப் பலகையில் போடப்படும். குறித்த நாட்களுக்குள் அதைச் செலுத்தாவிட்டால் மனு தள்ளப்பட்டுவிடும், மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஆகவே மனுப் போட்டுவிட்டு வீட்டில் காத்திருக்கக் கூடாது. வாரத்தில் இரண்டு முறையாவது அந்தப் பலகையைப் பார்க்க வேண்டும், அல்லது பார்க்கக்கூடிய ஒருவரிடம் சொல்லி வைக்க வேண்டும். கடலுக்குப் போகிறவர்களால் இது முடியாது என்பதால்தான் அவர்களின் மனுக்கள் அடிக்கடி தள்ளுபடியாகின்றன.

நகல் கைக்கு வந்ததும் முதலில் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். மனு கொடுத்த நாள், வில்லை கேட்ட நாள், வில்லை செலுத்திய நாள், நகல் தயாரான நாள், கொடுத்த நாள் ஆகியவை அங்கே ஒரு முத்திரைக் கட்டத்துக்குள் வரிசையாகக் குறிக்கப்பட்டிருக்கும். அலங்காரத்துக்காக அவை அங்கே இல்லை. தண்டனை பெற்றவர் அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாட்களும், உயர் நீதிமன்றத்தில் செய்ய 60 நாட்களும் கெடு உண்டு. நகல் பெறுவதற்குத் தேவைப்பட்ட காலத்தைக் காலவரையறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு அந்தக் கெடுவிலிருந்து கழித்துத் தருகிறது. எத்தனை நாள் கழிக்கலாம் என்பதை அந்த முத்திரைக் கட்டம்தான் சொல்லும். வில்லை செலுத்துவதில் நாம் செய்த தாமதம் நம் கணக்கில்தான் சேரும். சான்றிட்ட நகலைப் பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்டிவிடுபவர்கள் உண்டு, அப்படிச் செய்யாதீர்கள். முத்திரையையும் கையொப்பத்தையும் சரிபார்க்க இயலவில்லை என்று அலுவலகங்கள் திருப்பி அனுப்பிவிடுகின்றன.

யாருக்கு நகல் உண்டு என்பதில் சட்டம் படிநிலை வகுத்திருக்கிறது. சிறைத்தண்டனை விதிக்கப்பட்டவருக்குத் தீர்ப்பு நகலை உடனே இலவசமாகத் தர வேண்டும். தீர்ப்பால் பாதிக்கப்படும் எவரும் கட்டணம் செலுத்தித் தீர்ப்பு, வாக்குமூலம் உள்ளிட்டவற்றின் நகலைப் பெறலாம். இவை புதிய சட்டத்தில் 404-ஆம் பிரிவில் உள்ளன. காவல்துறை தாக்கல் செய்த இறுதி அறிக்கையும் அதனுடன் சேர்ந்த ஆவணங்களும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு 230-ஆம் பிரிவின்படி 14 நாட்களுக்குள் தரப்பட வேண்டும். வழக்கறிஞர் வைத்துள்ள பாதிக்கப்பட்டவருக்கும் இந்த உரிமை புதிதாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. வழக்கில் தொடர்பில்லாத மூன்றாம் நபர், ஏன் வேண்டும் என்பதைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்லி மனுச் செய்து, நீதிபதியின் உத்தரவு பெற்றாக வேண்டும். குற்றப்பத்திரிகைகளையும் எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்ற வேண்டும் என்ற கோரிக்கையை உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 20 அன்று மறுத்துவிட்டது. முதல் தகவல் அறிக்கைக்கான விதி அதற்குப் பொருந்தாது என்பது அதன் முடிவு.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி எல்லாவற்றையும் வாங்கிவிடலாம் என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. நீதிமன்றக் கோப்புகளுக்கு அது பொருந்தாது. நீதிமன்ற விதிகளில் நகல் பெறும் வழி இருக்கும்போது அந்த வழியாகத்தான் கேட்க வேண்டும் என்று குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று தீர்ப்பளித்திருக்கிறது. ஆனாலும் அந்தச் சட்டத்தை நான் கைவிடச் சொல்ல மாட்டேன். அதைக் காவல்துறைக்கும் வனத்துறைக்கும் மீன்வளத்துறைக்கும் எதிரே சரியான கேள்வியோடு வைக்க வேண்டும். ஆவணங்களையெல்லாம் கொடுங்கள் என்று கேட்டால், புலனாய்வுக்கு இடையூறு என்று 8-ஆம் பிரிவைக் காட்டி மறுப்பார்கள். அதற்குப் பதிலாக, "இந்த நிலையத்தின் இந்தக் குற்ற எண் வழக்கில் இறுதி அறிக்கை தாக்கல் செய்யப்பட்டதா, எந்த நாளில், எந்த நீதிமன்றத்தில், நீதிமன்றம் கொடுத்த எண் என்ன" என்று நான்கே கேள்விகள் கேளுங்கள். புலனாய்வு முடிந்த வழக்கில் இதை மறுக்க முகாந்திரம் இல்லை. பதில் 30 நாட்களுக்குள் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை.

சில ஆவணங்கள் யாருக்கும் கிடைக்கக் கூடாதவை, அப்படி இருப்பதே சரி. பதினெட்டு வயது நிறையாதவர் சம்பந்தப்பட்ட வழக்கில் அவருடைய அடையாளம் வெளிவரக் கூடாது. சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி அந்தப் பழைய வழக்கு பிற்காலத்தில் அவருக்குப் பொதுவாகத் தகுதிக் குறைவாக அமையாது. பாலியல் வன்முறைக்கு உள்ளானவரின் பெயரை வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம். இந்த வழக்குகளின் காகிதத்தைத் தேடித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால், அவரை அந்த இடத்திலேயே விலக்கிவிடுங்கள்.

சிறு வழக்குகளின் கட்டுகள் நிரந்தரமாக வைக்கப்படுவதில்லை. விதிகளில் சொன்ன ஆண்டுகள் கடந்ததும் அவை அழிக்கப்படுகின்றன. நகல் மனு "கட்டு அழிக்கப்பட்டுவிட்டது" என்ற குறிப்புடன் திரும்பி வந்தால் அதைக் கிழித்துப் போடாதீர்கள். வழக்குப் பதிவேட்டில் முடிவு குறிக்கப்பட்ட பக்கம் இன்னும் இருக்கக்கூடும், அந்தப் பதிவின் நகலைக் கேட்டு மறுமனுச் செய்யலாம். அந்தக் குறிப்பையும் பதிவின் நகலையும் சேர்த்து வைத்தால் பல அலுவலகங்கள் ஏற்கின்றன.

வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்போர், இயற்கைப் பேரிடரால் பாதிக்கப்பட்டோர் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம்.

கடவுச்சீட்டைப் பொறுத்தவரை ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். கடவுச்சீட்டுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு பேசுவது குற்றவியல் நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும் நடவடிக்கையைப் பற்றி. அப்படி நிலுவை இருந்தாலும், அந்த நீதிமன்றத்தின் அனுமதி உத்தரவு பெற்றால் குறிப்பிட்ட காலத்துக்குக் கடவுச்சீட்டு வழங்க 1993-ஆம் ஆண்டு அறிவிக்கை இடம் தருகிறது. ஆகவே வழக்கு இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் கதவு அடைந்துவிட்டது என்று எண்ணி, முகவர் பேச்சைக் கேட்டு விண்ணப்பத்தில் "இல்லை" என்று பொய் எழுதுவது, இல்லாத புதுக் குற்றம் ஒன்றைத் தானே வரவழைத்துக்கொள்வது போன்றது.

எங்கள் பையனின் தீர்ப்பு நகல் ஒரு வெள்ளிக்கிழமை மாலை கைக்கு வந்தது. இரண்டு பக்கம். கடைசிப் பத்தியில், அரசுத் தரப்பு குற்றத்தை நிரூபிக்கவில்லை என்பதால் அனைவரும் விடுதலை செய்யப்படுகிறார்கள் என்று எழுதியிருந்தது. அதன் ஒளிநகலை ஒரு மனுவுடன் இணைத்து, நிலையப் பதிவேட்டில் வழக்கின் முடிவைக் குறித்துக்கொள்ளும்படி கேட்டு, மனுவுக்கு ரசீதும் வாங்கினோம். மூல நகல் இப்போது அவனுடைய உம்மாவின் பெட்டியில், வீட்டுப் பத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதே வழக்கில் விடுதலையான மற்றவர்களில் ஆறு பேர் அந்த எண்ணையும் தேதியையும் வாங்கிக்கொண்டு போய்த் தங்களுக்கும் நகல் எடுத்துக்கொண்டார்கள்.